வேண்டாமென்று விடப்பட்ட ஆலயப் பைப் ஆர்கனுக்குப் புதிய இடம் தேடுதல்: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் ஆலயங்களில் இன்று நிற்கும் பைப் ஆர்கன்களில் (குழாய்களில் காற்றைச் செலுத்தி, விசைப்பலகையால் வாசிக்கும் பெரிய இசைக்கருவிகளில்) பெரும்பகுதி விக்டோரியா அரசியின் காலத்திலோ அதை ஒட்டிய சில பத்தாண்டுகளிலோ செய்யப்பட்டவை. சபையார் குறைந்து ஆலயம் மூடப்படும்போதும், இரண்டு சபைகள் ஒரே கட்டடத்துக்குக் குடிபெயரும்போதும், வாசிக்க ஆர்கனிஸ்ட் கிடைக்காமல் கீபோர்டும் கிட்டாரும் ஆராதனையை ஏற்றுக்கொள்ளும்போதும், அந்த ஆர்கனை என்ன செய்வது என்ற கேள்வி ஆட்சிக்குழுவின் முன் வந்து நிற்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வருகிறது. கட்டடத்தின் சாவியை ஒப்படைக்கும் தேதி குறிக்கப்பட்டு, நாற்காலிகளுக்கும் ஞானஸ்நானத் தொட்டிக்கும் வழி செய்யப்பட்ட பிறகே ஆர்கனின் நினைவு எழுகிறது. நல்ல நிலையில் இருந்த ஆர்கன்கள் குப்பைத் தொட்டிக்குப் போனதற்குப் பணமில்லாமை ஒரு காரணம் என்றால், இந்தக் காலதாமதம் அதைவிடப் பெரிய காரணம். ஆகவே இந்த வழிகாட்டியில் வேறு எதைக் கடைப்பிடிக்க முடியாவிட்டாலும், ஆலயத்தை மூடலாமா என்ற பேச்சு தொடங்கும் நாளிலேயே ஆர்கனைப் பற்றியும் பேசத் தொடங்குங்கள். இரண்டு ஆண்டுகள் கையில் இருந்தால் பெரும்பாலான காரியங்களை நிதானமாகச் செய்யலாம். ஆறு மாதம்தான் என்றால் வருகிறவருக்குக் கொடுத்தாக வேண்டிய நிலை வரும்.

ஆர்கன் என்பது கட்டடத்தின் சுவரோடு பிறந்தது, அதைப் பெயர்த்தால் செத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மானிய ஆர்கன் தச்சர் எட்மண்ட் ஷுல்ட்சே 1869ஆம் ஆண்டில் லீட்ஸ் நகருக்கு அருகே மீன்வுட் மாளிகைக்காகச் செய்த பெரிய ஆர்கன், அங்கிருந்து ஹாரோகேட் நகரின் புனித பேதுரு ஆலயத்துக்குச் சென்று, 1879இல் ஆர்ம்லியின் புனித பர்த்தொலொமேயு ஆலயத்தில் நிலைகொண்டது. இன்று அது அந்த ஊரின் பெயராலேயே அறியப்படுகிறது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் தன் ஆர்கனை இழந்த லண்டன் டெம்பிள் ஆலயத்தில், ஸ்காட்லாந்தின் கிளென் டானர் மாளிகையின் நடனக்கூடத்துக்காக ஹாரிசன் நிறுவனம் செய்திருந்த ஆர்கன் 1950களில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊபர்ன் நகர யூனிட்டேரியன் ஆலயத்துக்காக 1870இல் ஹூக் சகோதரர்கள் செய்த ஆர்கன், அந்த ஆலயம் மூடப்பட்ட பிறகு கடல் கடந்து, 2001 முதல் பெர்லினின் குரோய்ட்ஸ்பெர்க் பகுதியிலுள்ள திருச்சிலுவை ஆலயத்தில் ஒலிக்கிறது.

இங்கே சொல்லப்படும் விதிமுறைகள் இங்கிலாந்து நாட்டுக்கு உரியவை. ஸ்காட்லாந்திலோ ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலோ அனுமதி பெறும் முறை மாறும். தேடுவதும் பிரிப்பதும் பெரிதும் மாறாது.

ஆர்கனை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

விசைப்பலகைக்கு மேலே பதிக்கப்பட்டிருக்கும் பெயர்ப்பலகையை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். அதில் இருப்பது கடைசியாகத் திருத்தியமைத்த நிறுவனத்தின் பெயராகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும் குழாய்கள் அதற்கு அரை நூற்றாண்டு முந்தையவையாகவும் இருக்கலாம். பிரிட்டனின் தேசியப் பைப் ஆர்கன் பதிவேடு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஊர்ப் பெயரையும் ஆலயத்தின் பெயரையும் கொடுத்துத் தேடினால், ஸ்டாப்களின் (ஒரே வகை ஒலி தரும் குழாய் வரிசைகளின்) பட்டியல், செய்தவர், திருத்தப்பட்ட ஆண்டுகள் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். பிரிட்டிஷ் ஆர்கன் ஆய்வுக் கழகம் வரலாற்றுச் சிறப்புள்ள ஆர்கன்களுக்கு மூன்று தரங்களில் சான்றிதழ் வழங்குகிறது. உங்கள் ஆர்கனுக்கு அப்படி ஒரு சான்றிதழ் இருந்தால், அதை அப்புறப்படுத்துவது கடினமாகும். ஆனால் அதற்கு நல்ல இடம் கிடைப்பது எளிதாகும்.

அடுத்ததாக, ஒரு சுயேச்சையான ஆர்கன் ஆலோசகரை அழைத்து வந்து காட்டுங்கள். இங்கிலாந்து திருச்சபையின் ஒவ்வொரு பேராயத்துக்கும் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள வட்டாரத்துக்கும்) ஆர்கன் ஆலோசகர் இருக்கிறார். மற்ற சபைகள் சுயேச்சை ஆர்கன் ஆலோசகர் சங்கத்தின் வழியாகத் தேடலாம். ஆண்டுதோறும் சுருதி சேர்க்க வருகிறவரும் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் பழைய ஆர்கனை எடுத்துவிட்டு மின்னணு ஆர்கன் வைக்கச் சொல்வதிலோ குழாய்களைத் தன் பட்டறைக்கு எடுத்துக்கொள்வதிலோ அவருக்கு ஆதாயம் இருக்கக்கூடும் என்பதால், முதல் கருத்தை வேறொருவரிடம் கேட்பதே முறை.

ஆலோசகரிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது, விசைக்கும் குழாய்க்கும் இடையிலான தொடர்பு எவ்வகையானது என்பதை. மெல்லிய மரச்சட்டங்களும் கம்பிகளும் விசையை நேரடியாக வால்வோடு இணைக்கும் டிராக்கர் வகை ஆர்கனைப் பிரித்து மறுபடி கூட்டுவது எளிது. நூறாண்டுக்குப் பிறகும் ஒரு நல்ல தச்சரால் அதன் அமைப்பைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். ஈயக் குழல்களின் வழியே காற்றை அனுப்பி இயக்கும் நியூமாட்டிக் வகையில், பிரிக்கும்போது அந்தக் குழல்களைப் பெரும்பாலும் வெட்ட வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் தோல் பைகளும் வயதாகி இற்றுப்போயிருக்கும். மின்சாரத்தால் இயங்கும் வகையில் பழைய வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டிவரலாம். இதனாலேயே பத்து முதல் பதினைந்து ஸ்டாப்களும் இரண்டு கைவிசைப்பலகைகளும் கொண்ட, 1860க்கும் 1910க்கும் இடையில் செய்யப்பட்ட டிராக்கர் ஆர்கனுக்கு ஆள் தேடுவதைவிட, 1960களில் மின்சார இணைப்போடு மாற்றியமைக்கப்பட்ட பெரிய ஆர்கனுக்கு ஆள் தேடுவது பல மடங்கு கடினம். எல்லா ஆர்கனும் முழுமையாகக் காப்பாற்றத் தக்கதல்ல என்று ஆலோசகர் சொன்னால் அதைக் கோபப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு சொல். காப்பீட்டுப் பத்திரத்தில் ஆர்கனுக்கு எதிரே பெரிய தொகை எழுதப்பட்டிருப்பதைக் கண்டு ஆட்சிக்குழுக்கள் ஏமாந்துபோவதுண்டு. அது, ஆர்கன் எரிந்துபோனால் அதே போல ஒன்றைப் புதிதாகச் செய்ய ஆகும் செலவு. சந்தையில் யாரும் தரும் விலை அல்ல. நடைமுறையில் பெரும்பாலான ஆர்கன்கள் இலவசமாகவோ ஒரு சிறு நன்கொடைக்கோதான் கைமாறுகின்றன. ஏனென்றால் எடுத்துக்கொள்கிறவர் பிரிப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் பழுதுபார்த்து நிறுவுவதற்கும் பல்லாயிரக்கணக்கான பவுண்டுகள் செலவழிக்கப் போகிறார். அதிக விலை கேட்டு ஓராண்டை வீணாக்கிவிட்டுப் பிறகு சும்மா கொடுக்க முன்வரும்போது, எடுக்க விரும்பியவர் வேறொரு ஆர்கனை வாங்கியிருப்பார்.

அனுமதியும் தேடலும் ஒன்றாக நடக்கட்டும்

இங்கிலாந்து திருச்சபையின் ஆலயத்திலிருந்து ஆர்கனை அகற்ற ஆட்சிக்குழுவின் தீர்மானம் மட்டும் போதாது. ஃபேகல்ட்டி எனப்படும் பேராய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் பேராய ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெற்ற பிறகு, 28 நாட்கள் பொது அறிவிப்பாக ஒட்டப்பட்டு, சான்சலர் எனப்படும் பேராய நீதிபதியின் முன் வருகிறது. மெதடிஸ்ட், கத்தோலிக்க, பாப்டிஸ்ட், ஐக்கிய சீர்திருத்த சபைகளுக்கும் தத்தம் அனுமதி முறைகள் உண்டு. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் ஆலயமாகப் பயன்படும் வரையில் சபையின் சொந்த அனுமதி முறை போதுமானதாக இருக்கும். ஆராதனை நின்றுபோனபின் உள்ளாட்சி மன்றத்தின் அனுமதியும் தேவைப்படலாம். எந்த விதி எந்த நாள்வரை பொருந்தும் என்பதை மூடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

அனுமதி கிடைத்த பிறகு ஆள் தேடலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள்; இது வீண் காத்திருப்பு. இந்த ஆர்கன் இன்ன ஊரின் இன்ன ஆலயத்துக்குப் போகிறது, இன்ன நிறுவனம் அதைப் பிரிக்கிறது என்று சொல்லக்கூடிய விண்ணப்பம், வெறுமனே அகற்ற வேண்டும் என்று கேட்கும் விண்ணப்பத்தைவிட மிக வலுவானது. அனுமதிக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு விளம்பரம் செய்வதில் தவறில்லை. ஆனால் அனுமதிக்கு முன் ஒரு குழாயைக்கூடக் கழற்ற விடாதீர்கள், பணமும் வாங்காதீர்கள்.

விசைகளிலோ ஸ்டாப் குமிழ்களிலோ யானைத் தந்தம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் தந்தச் சட்டம், 1975க்கு முன் செய்யப்பட்ட, கன அளவில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகத் தந்தம் கொண்ட இசைக்கருவிகளை விற்க விலக்கு அளிக்கிறது. ஆனால் விற்பதற்கு முன் பதிவு செய்திருக்க வேண்டும். இலவசமாகக் கொடுப்பதற்குப் பதிவு தேவையில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின்படி தனி அனுமதி வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

விவரக் குறிப்பு

யாரோ ஒருவர் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து உங்கள் ஆர்கனைத் தேர்ந்தெடுக்கப் போவது, நீங்கள் எழுதும் ஒரு பக்கக் குறிப்பையும் சில படங்களையும் வைத்துத்தான். அழகான ஆர்கன், அருமையான ஒலி என்று எழுதுவதால் பயனில்லை. செய்தவர், ஆண்டு, ஒவ்வொரு விசைப்பலகையிலும் உள்ள ஸ்டாப்களின் பெயர், விசைகளின் எண்ணிக்கை, இயக்கும் முறை, கடைசியாகச் சுருதி சேர்த்த ஆண்டு, வேலை செய்யாத பகுதிகள், மரப்புழு அரிப்பு இருக்கிறதா, மழைநீர் எப்போதாவது ஒழுகியதா ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். குறைகளை மறைத்து எழுதப்பட்ட குறிப்பை நம்பி வந்து பார்த்தவர், திரும்பிப் போய் மற்றவர்களிடமும் சொல்வார். ஆர்கன் உலகம் மிகச் சிறியது.

அளவுகளே குறிப்பின் உயிர்நாடி. அகலம், ஆழம், உயரம் மூன்றையும் மீட்டரில் கொடுங்கள். உயரத்தைக் கொடுக்கும்போது மிக உயரமான குழாய் எது, அது எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எட்டு அடி ஸ்டாப்பின் அடிக்குழாய் ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளம் உடையது. பதினாறு அடி ஸ்டாப் திறந்த குழாய்களால் ஆனதென்றால் அடிக்குழாய் ஐந்து மீட்டரை நெருங்கும். ஆனால் சிறு ஆர்கன்களின் பெடலில் (காலால் வாசிக்கும் விசைப்பலகையில்) வழக்கமாக இருக்கும் போர்டன் என்ற ஸ்டாப் மேல்முனை அடைக்கப்பட்டது என்பதால், அதே தாழ்ந்த சுரத்தைப் பாதி நீளத்திலேயே தந்துவிடுகிறது. பதினாறு அடி என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து ஒதுங்கும் சிறிய ஆலயம் ஒன்றுக்கு, உங்கள் குறிப்பில் இருக்கும் இந்த ஒரு வரி கதவைத் திறந்துவிடும்.

காற்றுத் துருத்தி வேலை செய்யும் நிலையில் இருக்கும்போதே, மின்சாரம் துண்டிக்கப்படுவதற்கு முன், ஒலியைப் பதிவு செய்துவிடுங்கள். ஒரு நல்ல ஆர்கனிஸ்டை அழைத்து, ஒவ்வொரு ஸ்டாப்பையும் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் வாசிக்கச் சொல்லிக் காணொளி எடுங்கள். ஒரு வருடம் கழித்து, இருட்டிய, குளிர்ந்த, மின்சாரமில்லாத கட்டடத்தில் ஊமையாக நிற்கும் ஆர்கனை எவரும் நம்பி எடுக்கமாட்டார்கள்.

எங்கே தேடுவது

பிரிட்டிஷ் ஆர்கன் கட்டுநர் நிறுவனம் தன் இணையதளத்தில் இடம் தேடும் ஆர்கன்களின் பட்டியல் வைத்திருக்கிறது. முதலில் அங்கே சேருங்கள். பைப் அப் ஃபார் பைப் ஆர்கன்ஸ் என்ற அறக்கட்டளை, ஆபத்தில் இருக்கும் ஆர்கன்களைக் காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்டது. அமெரிக்காவில் 1960களிலிருந்து இதே பணியைச் செய்துவருகிறது ஆர்கன் கிளியரிங் ஹவுஸ். நகரச் சீரமைப்பிலும் நெடுஞ்சாலைப் பணியிலும் இடிபட்ட ஆலயங்களின் ஆர்கன்களுக்கு இடம் தேடித் தொடங்கிய முயற்சி அது. பொதுவான ஏல இணையதளங்களில் மட்டும் விளம்பரம் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் குழாய்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு போக விரும்புகிறவர்கள், அல்லது ஈயத்தையும் வெள்ளீயத்தையும் எடை போடுகிறவர்கள்.

உள்ளூரிலேயே ஆள் இருக்கலாம் என்பதை மறந்துவிடக்கூடாது. பக்கத்து ஆலயத்தின் ஆர்கன் பழுதாகிக் கிடக்கலாம். பள்ளிக்கூடத்தின் சிற்றாலயமோ இசைக் கல்லூரியின் பயிற்சி அறையோ தேடிக்கொண்டிருக்கலாம். தென் ஷீல்ட்ஸ் அருகே டைன் டாக் புனித மரியாள் ஆலயத்தில் இருந்த ஷுல்ட்சே ஆர்கன் இப்போது ஷ்ரோப்ஷயரின் எல்ஸ்மியர் கல்லூரியில் மாணவர்களின் கைகளில் இருக்கிறது.

உள்ளூரில் கிடைக்காவிட்டால் ஐரோப்பாவைப் பாருங்கள். ஜெர்மனி, நெதர்லாந்து, போலந்து ஆகிய நாடுகளின் ஆலயங்கள் விக்டோரியா கால ஆங்கில ஆர்கன்களை விரும்பி எடுத்துக்கொள்கின்றன. ஜெர்மனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆர்கன்கள் பல போரிலும், அதற்கு முன்னும் பின்னும் பரோக் காலத்து (17, 18ஆம் நூற்றாண்டு) ஒலிக்குத் திரும்ப வேண்டும் என்று எழுந்த இயக்கத்தாலும் அழிந்துபோயின; அந்த வெற்றிடத்தை வில்லிஸ், ஹில், வாக்கர், பின்ஸ், ஃபார்ஸ்டர் அண்ட் ஆண்ட்ரூஸ் போன்ற ஆங்கிலக் கட்டுநர்களின் ஆர்கன்கள் இப்போது நிரப்புகின்றன. நாட்டை விட்டுப் போகிறதே என்று வருந்துகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒலிக்கும் இடத்தில் இருப்பதே ஆர்கனுக்கு நல்லது.

வெப்ப நாடுகளுக்கு அனுப்புவதில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. சென்னை எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் யார்க்‌ஷயரில் செய்யப்பட்ட ஆர்கன் 1883இல் நிறுவப்பட்டது என்பதை வைத்து, எந்த ஆங்கில ஆர்கனும் அங்கே நிலைக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. குளிர்நாட்டு ஆலயத்தில் இருந்த மரமும், விலங்குப் பசையால் ஒட்டிய தோலும் பருவமழையின் ஈரத்தில் விட்டுப்போகும். கரையானும் எலியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆண்டு முழுவதும் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டுமே அனுப்புங்கள்.

எடுத்துக்கொள்கிறவரை அளந்து பாருங்கள்

பெண் கொடுப்பதுபோல விசாரித்துக் கொடுங்கள் என்று சொன்னால் மிகையாகாது. ஆர்வம் மட்டும் உள்ளவர்கள் நிறைய. இடமும் பணமும் வாசிப்பவரும் உள்ளவர்கள் சிலரே. ஆகவே நேரடியாகக் கேளுங்கள். ஆர்கன் நிற்கப்போகும் இடத்தின் உயரமும் தரையின் தாங்குதிறனும் என்ன? இரண்டு விசைப்பலகை ஆர்கன் ஒன்று பல டன் எடை இருக்கும். வலுப்படுத்தாத மரத்தளத்தின் மேல் அதை வைக்க முடியாது. அந்த ஆலயத்தின் அனுமதி வந்துவிட்டதா? பணம் கையில் இருக்கிறதா, இனிமேல்தான் திரட்டப் போகிறார்களா? எந்தக் கட்டுநர் நிறுவப் போகிறார், அவர் இதே வகை ஆர்கனை முன்பு நிறுவியிருக்கிறாரா? ஒவ்வொரு ஞாயிறும் யார் வாசிப்பார்?

புதிய அறையின் எதிரொலிக்கு ஏற்பக் குழாய்களின் ஒலியைச் சற்றுத் திருத்த வேண்டிவரும் என்பது உண்மை. ஆனால் ஸ்டாப்களை மாற்றி, காற்றழுத்தத்தை உயர்த்தி, இன்னும் நாலு ஸ்டாப் சேர்க்கப் போகிறோம் என்று உற்சாகமாகச் சொல்கிறவர், உங்கள் ஆர்கனைக் கச்சாப்பொருளாகவே பார்க்கிறார். வரலாற்றுச் சிறப்புள்ள ஆர்கன் என்றால் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

இப்போதைக்குக் கிடங்கில் வைத்துக்கொள்கிறோம், பிறகு பார்க்கலாம் என்பவர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் அல்ல. நல்லெண்ணத்தோடுதான் எடுத்துப் போகிறார்கள். ஆனால் பிரித்து அடுக்கிய ஆர்கன் ஈரமான கொட்டகையில் சில குளிர்காலங்களைக் கழித்தால், மரம் பிளந்து, எலி தோலைத் தின்று, குழாய்கள் தம் எடையாலேயே நசுங்கி, எந்தக் குழாய் எங்கே என்று அறிந்தவரும் மறைந்துபோன பிறகு, அது கடைசியில் குப்பைக்கே போகும்.

ஒப்பந்தம்

இலவசமாகக் கொடுத்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமை எந்த நாளில் மாறுகிறது, எந்தத் தேதிக்குள் ஆர்கன் அகற்றப்பட வேண்டும், பிரிக்கும்போது கட்டடத்துக்கோ ஆட்களுக்கோ நேரும் சேதத்துக்கு யார் காப்பீடு, ஆர்கன் நின்ற இடத்தின் சுவரையும் தரையையும் சரிசெய்வது யார் பொறுப்பு, காற்றை ஊதித் தரும் இயந்திரமான புளோவரின் மின் இணைப்பைத் துண்டிப்பது யார் என்பவற்றை அதில் சேருங்கள். பழைய புளோவர் பெட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைச் சோதிக்காமல் யாரையும் தொட விடாதீர்கள். புதிய இடத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் நிறுவப்படாவிட்டால், மூன்றாவது ஒருவருக்குக் கைமாற்றுவதற்கு முன் உங்களுக்கோ பேராய ஆலோசகருக்கோ தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நல்லது. திரும்பப் பெறுவதற்கு உங்களிடம் ஆலயமே இருக்கப்போவதில்லை என்றாலும், அந்த வரி எடுத்துச் செல்பவரைப் பொறுப்புடன் நடக்க வைக்கும்.

பிரித்தலும் கொண்டுசெல்லுதலும்

இதைத் தன்னார்வலர்கள் மட்டும் செய்யக்கூடாது. தொழில் தெரிந்த கட்டுநரின் மேற்பார்வையில் அவர்கள் உதவலாம். சுமப்பதற்குக் கைகள் எப்போதும் வேண்டும்.

பிரிப்பதற்கு முன் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணிட்டு வரைபடத்தில் குறிக்க வேண்டும். பத்து ஸ்டாப் ஆர்கனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழாய்கள் இருக்கும். ஒவ்வொரு ஸ்டாப்பின் குழாய்களும் அதனதன் வரிசையில் தனித் தட்டுகளில் படுக்க வைக்கப்பட வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம் மிக மென்மையானது. ஒரு குழாயின் வாயை விரலால் அழுத்தினாலே ஒலி மாறிவிடும் என்பதால், தட்டின் மேல் தட்டை அடுக்கும்போது எடை குழாய்களின் மேல் விழாமல் சட்டத்தின் மேல் விழும்படி செய்ய வேண்டும். முகப்பில் நிற்கும் பெரிய உலோகக் குழாய்களை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, வளைவுக்கு ஏற்ற தாங்கிகளில் படுக்க வைக்க வேண்டும். குழாய்கள் நிற்கும் காற்றுப்பெட்டிகளே மிகவும் எடை மிக்கவை, ஈரத்துக்கும் மிகவும் அஞ்சுபவை. மழை நாளில் அவற்றை வெளியே எடுக்கவே வேண்டாம். ஐரோப்பிய நாடுகளுக்குப் போவதென்றால், பொதி செய்யும் மரப்பெட்டிகள் வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டு அதற்கான முத்திரை பெற்றிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியால் முழு வண்டியும் துறைமுகத்தில் நிற்கக்கூடும்.

யாருமே வராவிட்டால்

சில ஆர்கன்களுக்கு இடம் கிடைக்காது. அப்போதும் மொத்தமாக எறிவதற்கு முன், பயன்படும் பகுதிகளைப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். நல்ல மரக்குழாய்களும் பெடல் பலகையும் புளோவரும் வேறொரு ஆர்கனின் பழுதுக்கு உதவும். அதே கட்டுநர் செய்த மற்றொரு ஆர்கனில் காணாமற்போன ஸ்டாப் ஒன்று உங்கள் ஆர்கனில் இருக்கலாம். முகப்பு மட்டும் கட்டடத்தில் நிற்கலாம் என்று புதிய உரிமையாளர் விரும்பினால், உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளவாவது யாராவது வருவார்கள். கணக்குப் புத்தகம், கட்டுநரின் கடிதங்கள், பழைய புகைப்படங்கள் ஆகியவை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும்.

ஆர்கன் எங்கே போனாலும், அல்லது போகாமலேயே முடிந்தாலும், தேசியப் பைப் ஆர்கன் பதிவேட்டுக்கு எழுதிப் பழைய பதிவைத் திருத்தச் சொல்லுங்கள்: எந்த மாதம் அகற்றப்பட்டது, யார் பிரித்தார், எந்த ஊரின் எந்த ஆலயத்தில் எந்த ஆண்டு நிறுவப்பட்டது, எந்தப் பகுதி எங்கே சென்றது என்ற விவரங்களுடன்.